1099-ல் இருப்பவருக்கு எஸ் கார்ப் நிஜமாவே லாபமா?

ஃப்ரீமாண்ட்வாசி:
அமெரிக்காவுல போன வருஷம் ஜனவரியில டபிள்யூ-2 வேலையை (சம்பள வேலை) விட்டுட்டு 1099-ல (சொந்தத் தொழிலா) கன்சல்டிங் பண்றேன். செலவெல்லாம் போக 1,20,000 டாலர் நிக்குது. மனைவிக்கு டபிள்யூ-2, 90,000. எல்எல்சி கம்பெனி கூட கிடையாது, வெறும் ஷெட்யூல் சி, அதாவது சொந்த ரிட்டர்ன்லயே தொழில் லாபத்தைக் காட்டறது. சுயதொழில் வரி மட்டும் 17,000 கிட்ட வந்ததைப் பார்த்து தூக்கம் போச்சு. பக்கத்து வீட்டுக்காரர் "எஸ் கார்ப் போடு, பாதி மிச்சம்"ங்கிறார், அதாவது லாபம் நேரா உரிமையாளரோட வரிக் கணக்குக்கே போற மாதிரி கம்பெனி. உண்மையா?

ஃப்ரிஸ்கோ அண்ணாச்சி:
யோசிக்கவே வேண்டாம் தம்பி, போடுங்க. சோஷியல் செக்யூரிட்டி (ஓய்வூதியம்) 12.4, மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) 2.9, ஆக 15.3 சதவீதம். இப்போ உங்க மொத்த லாபத்துக்கும் விழுது. எஸ் கார்ப்ல உங்களுக்கு நீங்களே கொடுத்துக்கிற சம்பளத்துக்கு மட்டும்தான். மிச்சத்தை டிஸ்ட்ரிபியூஷனா (லாபப் பங்கா) எடுத்தா வருமான வரியோட சரி. சம்பளம் 70,000 வைங்க, 10,710 கட்டுவீங்க. 6,000க்கு மேல கையில நிக்கும். நான் ஆறு வருஷமா இப்படித்தான். வருஷம் 10,000க்குக் குறையாம மிச்சம்.

எடிசன் அக்கா:
வரி சீசன் நடுவுல மூச்சு விட நேரமில்லை, ஆனாலும் இதைப் படிச்சுட்டு சும்மா போக முடியல. அண்ணாச்சி, மொத்த லாபத்துக்கு இல்ல, 92.35 சதவீதத்துக்குத்தான். தம்பி கட்டினது 16,955. வித்தியாசம் 6,245. இதுவரைக்கும் சரி.

இனிமேதான் யாரும் சொல்லாத பகுதி. சுயதொழில் வரியில பாதியை வருமானத்துல கழிச்சுக்கலாம். எஸ் கார்ப்ல அந்தக் கழிவு சுருங்கும், 22 சதவீத வருமான வரிப் படியில அந்த நஷ்டம் ஒரு 690 டாலர். அடுத்தது க்யூபிஐ, அதாவது தொழில் லாபத்துல 20 சதவீதக் கழிவு. ஷெட்யூல் சி-ல, அந்தப் பாதி வரியைக் கழிச்ச லாபத்துக்கு, தம்பிக்கு 22,300 கழியுது. எஸ் கார்ப்ல சம்பளம் அந்தக் கணக்குலயே சேராது. சம்பளமும், கம்பெனி கட்டற பாதி வரி 5,355-உம் போக மிஞ்சற 44,645க்கு மட்டும்தான், வெறும் 8,900. அந்த வித்தியாசத்துக்கு 22 சதவீதம்னா 2,940 போச்சு. கையில நிக்கறது 2,600.

அதுல கம்பெனி ரிட்டர்ன் 1120-எஸ் தாக்கல், பங்குதாரர் லாபக் கணக்கு கே-1, சம்பளப் பட்டுவாடா (பேரோல்), மூணு மாசத்துக்கு ஒருமுறை சம்பள வரிப் படிவம் 941. இதுக்கெல்லாம் ஆள் வெச்சா 2,000 ஆகும். தம்பி இருக்கற கலிஃபோர்னியாவுக்கு வருஷம் குறைஞ்சது 800. கூட்டிப் பாருங்க, கையை விட்டுத்தான் போகும்.

ஃப்ரிஸ்கோ அண்ணாச்சி:
கலிஃபோர்னியாவை விடுங்க. சம்பளத்தை 30,000 ஆக்கினா? சம்பளம் குறைஞ்சா க்யூபிஐயும் ஏறுமே!

எடிசன் அக்கா:
ஐயோவாவுல டேவிட் வாட்சன்னு ஒரு கணக்காளர் இதைத்தான் பண்ணார். சம்பளம் 24,000, டிஸ்ட்ரிபியூஷன் ரெண்டு லட்சம் பக்கம். வரித்துறை ஐஆர்எஸ் விடல. 2012-ல மேல்முறையீட்டு நீதிமன்றம் 91,044தான் நியாயமான சம்பளம்னு உறுதி பண்ணிடுச்சு. அவர் நம்ம மாதிரி ஆள் இல்ல, வரி படிச்சவர்.

ரிட்டயர்டு சித்தப்பா:
யாரும் பென்ஷனைப் பேசல. சோஷியல் செக்யூரிட்டிக்கு 35 வருஷச் சம்பளத்தை எடுத்து சராசரி பார்ப்பான். நம்மள்ல பாதிப் பேர் முப்பதைத் தாண்டி வந்தவங்க, பல வருஷம் பூஜ்யமாவே உட்கார்ந்திருக்கும். இருக்கற வருஷத்தையும் நாமளே குறைச்சுக்கணுமா?

ஃப்ரிஸ்கோ அண்ணாச்சி:
சித்தப்பா, அந்தப் பணத்தை இண்டெக்ஸ் ஃபண்டுல போட்டா அதைவிட வரும். அக்கா கணக்கு எனக்கு மட்டும் ஏன் ஒத்துவரல? ஆறு வருஷ ரிட்டர்ன் கையில இருக்கு, பொய்யா சொல்றேன்?

எடிசன் அக்கா:
பொய் இல்ல அண்ணாச்சி. உங்க லாபம் எவ்வளவு?

ஃப்ரிஸ்கோ அண்ணாச்சி:
2,50,000. சம்பளம் 1,10,000.

எடிசன் அக்கா:
வீட்டுல அண்ணி என்ன பண்றாங்க?

ஃப்ரிஸ்கோ அண்ணாச்சி:
டாக்டர். என்னைவிட அதிகம்.

எடிசன் அக்கா:
அதான் விஷயம். கன்சல்டிங்ல ரெண்டு பேர் வருமானமும் சேர்ந்து அந்த உயரத்துக்குப் போனா க்யூபிஐ முழுசா போயிடும். அதுல உங்களுக்கு இழக்க ஒண்ணுமே இல்ல, அதனால சேமிப்பு பெரும்பாலும் நிக்குது. டெக்சாஸ்ல மாநில வருமான வரியும் கிடையாது. தம்பி இருக்கற இடம் வேற.

ஃப்ரீமாண்ட்வாசி:
புரியுது. இப்போதைக்கு ஷெட்யூல் சி-யே இருக்கட்டும். லாபம் ரெண்டு லட்சத்தைத் தொட்டா திரும்ப வரேன். அப்போ மதுரையில இருக்கற தம்பியை பங்குதாரரா போட முடியுமா?

எடிசன் அக்கா:
வேண்டவே வேண்டாம். அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாம வெளிநாட்டுல இருக்கறவர் பங்கு வாங்கின நிமிஷம் எஸ் அந்தஸ்தே போயிடும். அண்ணாச்சி, உங்க 1,10,000 எப்படி வந்துச்சுன்னு காகிதத்துல எழுதி வெச்சிருக்கீங்களா? இந்த வேலைக்கு வெளியில என்ன சம்பளம், எத்தனை மணி நேரம்னு?

ஃப்ரிஸ்கோ அண்ணாச்சி:
என் சம்பளத்தை நான் எதுக்கு எழுதி வைக்கணும்? சரி சரி, இன்னிக்கு ராத்திரியே எழுதிடறேன்.

எடிசன் அக்கா:
எழுதுங்க. பழைய தேதி மட்டும் போடாதீங்க.