‘நோட்புக்’குக்குத் தமிழ்: ஏடு

வணக்கம் நண்பர்களே.

குறிப்புச் செயலிகளைத் தமிழாக்கும்போது, பல குறிப்புகளைச் சேர்த்து வைக்கும் ‘நோட்புக்’குக்குக் ‘குறிப்பேடு’ என்றே வைத்துவிடலாம் என்று பலரும் எழுதியிருந்தீர்கள். பொருள் சரிதான். ஆனால் கைப்பேசித் திரையில் இட்டுப் பார்த்தேன், ஒத்துவரவில்லை. குறிப்பு, குறிப்பேடு, குறிச்சொல் (டேக்) என்று ஒரே பட்டியலில் மூன்றும் ‘குறி’யில் தொடங்குகின்றன. இடம் போதாமல் ‘புதிய குறிப்…’ என்று வெட்டுப்பட்டால் எதைத் திறக்கிறோம் என்றே தெரியாது.

ஆங்கிலச் சொல்லை அப்படியே எழுதுவதிலும் சிக்கல் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு நோட்டு என்றால் முழுப் புத்தகம். எங்கள் மட்டக்களப்பில் நோட்ஸ் என்பது ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுதுவது, அதை எழுதும் புத்தகம் கொப்பி. ‘கொப்பி’ என்றே வைக்க எனக்கும் ஆசைதான். ஆனால் ‘கொப்பி பண்ணு’ என்றால் நகலெடு என்றும் பொருள் வந்துவிடும். ‘தொகுப்பு’ வேண்டாம். விக்கிப்பீடியாவில் ‘தொகு’ என்பதைத் திருத்துவதற்குப் பழகிவிட்டோம்.

நோட்புக்குக்கு ‘வகை’ என்று வைக்கலாம் என்று சொன்ன தம்பிக்குக் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் வடமோடிக் கூத்து ஒன்றை நான் ஜொப்ளின் (Joplin) என்ற குறிப்புச் செயலியில் தட்டச்சு செய்து வருகிறேன். தரு என்பது கூத்துப் பாட்டு. ஒவ்வொரு தருவும் ஒரு குறிப்பு, விருத்தமும் அப்படியே. ஜொப்ளினில் ஒரு குறிப்பு ஒரே ஒரு நோட்புக்கில்தான் இருக்கும், குறிச்சொல் எத்தனையும் இடலாம். அருச்சுனனும் கண்ணனும் மாறி மாறிப் பாடும் தருவுக்கு இருவர் பெயரையும் குறிச்சொல்லாக இடுகிறேன். அப்புறம் ‘அருச்சுனன்’ என்று தட்டினால் அந்த ஆட்டக்காரருக்கு வேண்டிய பாட்டுகள் மட்டும் வரிசையாக வந்து நிற்கும். கூத்துப் பழக்கத் தொடங்கும்போது சட்டம் கொடுப்பது இப்படித்தானே! அவரவர் பாட்டை மட்டும் எழுதிக் கொடுப்பார்கள். முழு ஏடு கூத்தைப் பழக்கும் அண்ணாவியாரிடம் இருக்கும். ஒரே தரு இரண்டு பேருடைய சட்டத்தில் வரலாம், ஏட்டில் அதற்கு ஒரே இடம்தான். குறிச்சொல் சட்டம் மாதிரி, நோட்புக் ஏடு மாதிரி. ‘வகை’ என்ற சொல் இந்த வேறுபாட்டை அழித்துவிடும், ஏனென்றால் ஒன்று பல வகையில் அடங்கலாம்.

ஆகவே நோட்புக்குக்கு நான் முன்வைக்கும் சொல் ‘ஏடு’. இரண்டே எழுத்து. ‘புதிய குறிப்பு’, ‘புதிய ஏடு’ என்று எழுதிப் பாருங்கள், கண்ணுக்கு உடனே பிரிந்து தெரியும்.

ஏடு என்பது ஓலையின் ஒற்றை இதழ், பல இதழ் சேர்ந்தால்தான் சுவடி என்று மறுப்பு வரும். பழைய பொருள் அதுதான், மறுக்கவில்லை. ஆனால் நாளேடு, பதிவேடு, பேரேடு எதுவும் இன்று ஒற்றைத் தாள் இல்லை. கூத்து ஏடு என்று நாங்கள் சொல்வதும் முழுப் பிரதியைத்தான், அது ஓலையில் இருந்தாலும் சி.ஆர். கொப்பி என்கிற பெரிய கொப்பியில் இருந்தாலும்.

மற்றச் சொற்களும் இதிலிருந்து எளிதாகப் பிறக்கின்றன. ஜொப்ளினில் ஒன்றுக்குள் ஒன்றாக வைப்பது ‘உள்ளேடு’. எவர்நோட் (Evernote) செயலியில் பல நோட்புக்குகளைச் சேர்த்து வைக்கும் ‘ஸ்டாக்’, ‘ஏட்டுக்கட்டு’. அதற்குள் ஏடுகள்தான் இருக்கும், தனிக்குறிப்பை நேரே வைக்க முடியாது. கட்டு என்ற சொல் அதற்குப் பொருந்துகிறது. வன்நோட் (OneNote) செயலியின் நோட்புக், செக்‌ஷன், பேஜ் மூன்றுக்கும் ஏடு, பிரிவு, பக்கம்.

பொத்தான்களில் வரும் வினைச்சொற்களையும் இப்போதே முடிவு செய்வோம். ‘வேறு ஏட்டில் சேர்’ என்று போட்டால், பழைய ஏட்டிலும் குறிப்பு இருக்கும் என்று பயனர் நினைப்பார். ‘வேறு ஏட்டுக்கு மாற்று’ என்று வைக்கலாம். ‘சேர்’ குறிச்சொல்லுக்கு மட்டும் இருக்கட்டும். ‘உள்ளேடு’ என்பதைவிடத் ‘துணையேடு’ நல்லது என்று நினைக்கிறவர்கள் எழுதுங்கள், அதில் நான் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.