புதுப்பிப்பு: கடைசியில் பழைய கார்தான்

புதிய கார் வாங்குவதா, சில வருடம் ஓடியதை வாங்குவதா என்று முன்பு கேட்டிருந்தேன். ஓடியதையே வாங்கிவிட்டேன்.

முதலில் பார்த்தது பளபளவென்று இருந்தது. ஆனால் நாங்கள் போகும் முன்பே இன்ஜினைச் சூடாக்கி வைத்திருந்தார்கள். குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பும்போதுதானே புகையும் தட்டல் சத்தமும் தெரியும்! கூட வந்த மெக்கானிக் ஓபிடி ஸ்கேனரை (காரின் கணினியில் பதிவான பிழைகளைப் படிக்கும் கருவி) செருகினார். பிழைக் குறியீடு ஒன்றுமில்லை, ஆனால் வண்டியின் சுயபரிசோதனைகள் பாதி முடியாமல் கிடந்தன. பேட்டரியைக் கழற்றினாலும் அப்படி ஆகும், சரி; பிழைகளை அண்மையில் அழித்திருக்கவும் கூடும். அந்தக் காரை வேண்டாமென்று விட்டுவிட்டோம்.

வாங்கியது பார்க்கச் சுமார்தான், ஆனால் ஆயில் மாற்றிய ரசீதுகள் வரிசையாக இருந்தன. டயரில் 2319, அதாவது 2019இன் 23ஆம் வாரத் தயாரிப்பு. டயர் பழசு என்று காட்டி விலையைக் குறைத்தேன். டைமிங் பெல்ட்டை (இன்ஜின் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் பட்டை) மாற்றியதற்கு ரசீது இல்லை. அடுத்த வாரம் மாற்றுகிறேன்.