வாய்க்கால் மீன்கள் தொட்டியில் விடிகாலையில் சாகின்றன – உதவி தேவை

கேள்வி – ஓடைக்கரை

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள கண்ணாடித் தொட்டி. டெல்டா பக்கம் பாசன வாய்க்காலில் கொசுவலையில் பிடித்த மீன்கள்தான் உள்ளே இருக்கின்றன. கெண்டைக் குஞ்சு 15, அயிரை 6, முண்டக்கண்ணி 4, தலை பாம்பு மாதிரி இருக்கும் விரல் நீள மீன் ஒன்று. அடியில் எம்-சாண்ட், ஒரு மூலையில் மோட்டார் ஃபில்டர், மேலே ஆகாயத்தாமரை.

வாய்க்கால் தண்ணீர் கலங்கலாக இருந்ததால் முழுக்கக் கேன் தண்ணீர் ஊற்றினேன். இரண்டாம் நாளே தண்ணீர் பால் கலந்த மாதிரி ஆகிவிட்டது. அதனால் தினமும் மொத்தத் தண்ணீரையும் மாற்றி, மணலையும் ஃபில்டர் பஞ்சையும் குழாயடியில் அலசிப் போடுகிறேன். ஆனாலும் மறுநாள் திரும்பக் கலங்குகிறது. விடிகாலையில் பார்த்தால் ஒன்றிரண்டு கெண்டை மிதக்கிறது. இதுவரை செத்து எடுத்தது 5. ஆனால் எண்ணிப் பார்த்தால் 6 கெண்டைதான் மிச்சம், மற்ற நாலும் எங்கே என்று தெரியவில்லை. எல்லா மீனும் மேலே வந்து வாயைத் திறக்கிறது. இது நோயா, தண்ணீரா? என்ன மருந்து போடலாம்?

பதில் – வலைக்காரன்

காணாமல் போன நாலும் பாம்புத் தலைக்காரன் வயிற்றில் இருக்கிறது. அது குறவைக் குஞ்சாகவோ விரால் குஞ்சாகவோ இருக்கும். தன் நீளத்தில் பாதி இருக்கும் மீனைக்கூட விழுங்கும். குறவை என்றாலும் முக்காலடி வளரும், விரால் இரண்டடியைத் தாண்டும். இரண்டடித் தொட்டியில் இரண்டுக்குமே இடமில்லை. இன்றைக்கே தனி வாளியில் பிரித்து, மேலே கனமாக மூடி வையுங்கள், துள்ளி வெளியே வந்துவிடும்.

"எல்லா மீனும் மேலே வருகிறது" என்பதைப் பிரித்துப் பார்க்கணும். குறவை காற்றைக் குடித்துத்தான் வாழும், அதை மேலே வர விடாமல் செய்தால்தான் சாகும். முண்டக்கண்ணிக்கு வீடே தண்ணீர் மட்டம்தான். அயிரை நடுநடுவே விர்ரென்று மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிக்கொண்டு அடிக்குப் போகும், அதுவும் சகஜம். கெண்டைதான் உங்களுக்கு அளவுகோல். கெண்டை மேலேயே நின்று செவுளை வேகமாக அடித்தால் தண்ணீரில் கோளாறு என்று அர்த்தம்.

பதில் – நன்னீர்க்காரர்

மருந்து எதுவும் வேண்டாம். மெத்திலீன் புளூ வாங்கி வைத்திருந்தால் அலமாரியிலேயே இருக்கட்டும்.

பால் மாதிரிக் கலங்குவது அழுக்கல்ல. மிச்சத் தீனியையும் கழிவையும் தின்று பெருகும் பாக்டீரியா. அது ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். 30 டிகிரித் தண்ணீர் முழுக்கக் காற்று ஏறினாலும் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜன்தான் பிடிக்கும். இரவில் செடியும் ஆக்சிஜனைத்தான் எடுக்கும். ஆகவே இருப்பு மிகவும் குறைவது விடியும் நேரத்தில். உங்கள் மீன் அந்த நேரத்தில் சாவதற்குக் காரணம் இது.

மீனின் செவுளிலிருந்து வரும் அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா வேறு வகை. அது மெதுவாக வளரும், பஞ்சிலும் மணலிலும் ஒட்டிக்கொண்டு இருக்கும். நீங்கள் தினமும் குழாய்த் தண்ணீரில் அலசி அதைத்தான் துடைத்து எடுக்கிறீர்கள். குழாயில் குளோரின் இருந்தால் மிச்சமும் போச்சு. தொட்டி தினம் தினம் முதல் நாளிலேயே நிற்கிறது.

மூன்று விஷயம் அளந்து சொல்லுங்கள். சொட்டு மருந்து டெஸ்ட் கிட்டில் அம்மோனியா, நைட்ரைட், பிஎச் (தண்ணீர் அமிலமா காரமா என்ற அளவு). கூடவே வீட்டில் போர் தண்ணீர் இருந்தால் அதன் பிஎச்சும் டிடிஎஸ்ஸும் (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு).

ஓடைக்கரை

குறவையைப் பிரித்துவிட்டேன். தொட்டியில் அம்மோனியா 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்), நைட்ரைட் 0, பிஎச் 6.4. கேன் தண்ணீர் டிடிஎஸ் 40. போர் தண்ணீர் பிஎச் 8.2, டிடிஎஸ் 700. அப்படியானால் கேன் தண்ணீரை நிறுத்திவிட்டு இன்றைக்கே முழுக்கப் போர் தண்ணீர் மாற்றிவிடலாமா?

பதில் – நன்னீர்க்காரர்

கூடாது, நில்லுங்கள். அப்படிச் செய்தால் மிச்சம் இருக்கும் மீனும் போய்விடலாம்.

கிட் காட்டுவது மொத்த அம்மோனியா. அதில் ஒரு பங்கு விஷமான அம்மோனியா, மீதி விஷம் குறைந்த அம்மோனியம். எது எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது பிஎச்சும் வெப்பமும். 30 டிகிரியில் பிஎச் 6.4 என்றால் மொத்தத்தில் 0.2 சதவீதம்தான் விஷ வடிவம். உங்கள் 2 பிபிஎம்மில் அது 0.004, மீனுக்குப் பாதகமில்லை. அதே 2 பிபிஎம் தொட்டியில் இருக்கும்போது பிஎச் 8.2-க்கு ஏறினால் 11 சதவீதம் விஷமாக மாறும், அதாவது 0.2-க்கு மேல். ஐம்பது மடங்குக்கும் கூடுதல். கேன் தண்ணீரின் அமிலத்தன்மை தற்செயலாக உங்கள் மீனை அம்மோனியாவிடமிருந்து காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

அதற்காகக் கேன் தண்ணீரிலேயே தொடரவும் முடியாது. அதில் கார்பனேட் இல்லை. பிஎச்சைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லாததால் இன்னும் சரியும், 6-க்குக் கீழே போனால் நைட்ரைட் ஆக்கும் பாக்டீரியா வேலையை நிறுத்திவிடும். உப்புச் சத்துள்ள வாய்க்கால் தண்ணீரில் பிறந்த மீனை 40 டிடிஎஸ் தண்ணீரில் திடீரென்று போட்டால், உடம்புக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கும், உப்பு வெளியே கசியும். வலையில் உரசிச் செதிலும் வழவழப்பும் போன மீனுக்கு இது இரட்டை அடி.

செய்ய வேண்டியது இது. சோப்பு படாத 30 லிட்டர் டப் ஒன்றில் பாதி கேன் தண்ணீர், பாதி போர் தண்ணீர் கலந்து, ஏர் ஸ்டோன் (காற்றுக் குமிழி விடும் கல்) போட்டு இரவு முழுக்க ஓட விடுங்கள். பிஎச் ஏழரைக்குப் பக்கத்தில் நின்றால் போதும். காலையில் ஒரு வாளியில் தொட்டித் தண்ணீர் நாலு லிட்டர் மட்டும் எடுத்து மீன்களை விடுங்கள், அதிலும் ஏர் ஸ்டோன் இருக்கட்டும். முதலில் புதுக் கேன் தண்ணீரை ஊற்றி, பழையதை வெளியே எடுத்து, அம்மோனியாவை நாலில் ஒரு பங்காகக் குறையுங்கள். அதற்குப் பிறகுதான் டப் தண்ணீரை ஏர் டியூப்பில் முடிச்சுப் போட்டுச் சொட்டுச் சொட்டாக இறக்கணும். வாளி நிரம்ப நிரம்பப் பாதியைக் கொட்டுங்கள். இரண்டு மூன்று மணி நேரம் ஆகும், அவசரப்பட வேண்டாம். பிறகு வலையில் அள்ளாமல் மக்கில் தண்ணீரோடு அள்ளி டப்பில் விடுங்கள்.

டப்பில் இரண்டு நாள் தீனி கிடையாது. கெண்டை பட்டினியில் சாகாது, தின்று போட்ட அம்மோனியாவில்தான் சாகும். தினமும் 30 சதவீதம் தண்ணீர் மாற்றுங்கள், அதே பாதிக்குப் பாதிக் கலவை. மாநகராட்சித் தண்ணீர் கலக்க வேண்டி வந்தால், குளோரினை முறிக்கச் சோடியம் தயோசல்ஃபேட் 10 கிராமை 100 மில்லி தண்ணீரில் கரைத்து வைத்துக்கொண்டு, 10 லிட்டருக்கு 1 முதல் 2 மில்லி விடுங்கள்.

பதில் – தொட்டிப்பைத்தியம்

மீன் டப்பில் இருக்கும்போதே தொட்டியைத் திருத்திவிடுங்க தம்பி.

முதலில் எம்-சாண்டை வெளியே எடுங்க. அது உடைத்த பாறை, ஓரம் கூர்மை. அயிரை மணலுக்குள் புதைந்து படுக்கும், மணலை வாயில் அள்ளிச் செவுள் வழியாகத் துப்பித்தான் தீனி பொறுக்கும். கூர் மணலில் மீசை தேய்ந்து புண் வரும். உருண்டையான ஆற்று மணல் வேணும், பழைய கட்டட வேலையில் மிஞ்சியது கிடைத்தால் உத்தமம். ஆனால் சிமெண்ட் கலக்காததா பாருங்க. அலசின தண்ணீர் தெளிகிற வரைக்கும் கழுவி, நாலு சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்பினால் போதும். ஒரு கைப்பிடி மணலில் வினிகர் விடுங்க, நுரைத்தால் சிப்பி இருக்கிறது, பிஎச்சை ஏற்றிக்கொண்டே போகும்.

மோட்டார் ஃபில்டர் இந்த அளவு மீனுக்கு இழுவை அதிகம், முண்டக்கண்ணிக்கு ஓட்டமே ஆகாது. ஸ்பாஞ்ச் ஃபில்டரும் ஏர் பம்ப்பும் போடுங்க. மின்வெட்டு வரும் ஊரென்றால் பேட்டரி ஏர் பம்ப் ஒன்றும் கைவசம் இருக்கணும்.

தெரிந்தவர் யாராவது ஆறு மாதத்துக்கு மேல் நோயில்லாமல் தொட்டி வைத்திருந்தால், அவர் ஸ்பாஞ்சைக் கேட்டு வாங்கி உங்கள் தொட்டியிலேயே பிழியுங்க, பாதியை வெட்டி உள்ளேயே போட்டாலும் சரி. அசிங்கமான பழுப்புத் தண்ணீர்தான் வரும், அதுதான் சொத்து. அது கிடைத்தால் ஒன்றிரண்டு வாரத்தில் தொட்டி பழகும், அதாவது அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியா போதுமான அளவு வளர்ந்துவிடும். கிடைக்காவிட்டால் நம் வெப்பத்துக்கு மூன்று முதல் ஐந்து வாரம். வாய்க்கால் சேற்றைப் போடச் சொல்லுவார்கள், கேட்காதீங்க. பாக்டீரியாவோடு அட்டையும் வரும்.

ஆகாயத்தாமரை வேரை வெள்ளைத் தட்டில் உதறிப் பாருங்க. தட்டான் குஞ்சும் தண்ணீர்ப் பூச்சியும் இருந்தால் சின்ன மீனைப் பிடித்துத் தின்னும். ஆகாயத்தாமரையை எடுத்துவிட்டு வேலம்பாசி நட்டுவிடுங்க.

பதில் – நன்னீர்க்காரர்

சேர்த்து ஒன்று. அம்மோனியா குறையத் தொடங்கியதும் நைட்ரைட் ஏறும். எல்லோரும் ஏமாறும் இடம் இது. அம்மோனியா 0 காட்டும், மீன் மறுபடி மேலே நிற்கும். செவுளைத் தூக்கிப் பார்த்தால் சிவப்புக்குப் பதில் காப்பி நிறத்தில் இருக்கும். இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போனதன் அடையாளம், காற்றுக் குமிழி எவ்வளவு விட்டாலும் தீராது. கல்லுப்பு லிட்டருக்கு ஒரு கிராம் போட்டால் குளோரைடு போய் நைட்ரைட்டைச் செவுளுக்குள் விடாமல் தடுக்கும். உங்கள் தொட்டியின் கணக்கு 56 லிட்டர், மணலும் மேல் இடைவெளியும் போக 45. ஆகவே 45 கிராம், கரைத்து மூன்று தவணையாக ஊற்றணும். தண்ணீர் மாற்றும்போது எடுத்த தண்ணீருக்கு மட்டும் உப்புச் சேர்க்கணும், மொத்தத்துக்கும் அல்ல. வேலம்பாசி இந்த அளவைத் தாங்கும்.

ஓடைக்கரை

டப்புக்கு மாற்றியபின் சாவு நின்றுவிட்டது. இரண்டு சந்தேகம் அண்ணா. ஒரு கெண்டையின் உடம்பில் மிளகு தூவின மாதிரிக் கரும்புள்ளி. இன்னொன்றின் முதுகுத் துடுப்படியில் நூல் மாதிரி ஏதோ தொங்குகிறது. குருணைத் தீனியைக் கெண்டை வாயில் வாங்கித் துப்புகிறது, முண்டக்கண்ணி பார்ப்பதே இல்லை.

பதில் – வலைக்காரன்

கரும்புள்ளியை விட்டுவிடுங்கள். அது தோலுக்கடியில் உறங்கும் தட்டைப்புழு. அது பெருக நத்தையும் மீன் தின்னும் பறவையும் வேண்டும். தொட்டியில் பறவை இல்லை, பரவாது.

நூல்தான் வில்லங்கம், நங்கூரப் புழு. நூலின் நுனியில் இரண்டாகப் பிரிந்த முட்டைப் பை தெரிந்தால் நிச்சயம். ஈரத் துணியில் மீனைப் பிடித்து, கூர்முனை இடுக்கியால் புழுவை அது தோலுக்குள் நுழையும் இடத்துக்குப் பக்கத்திலேயே பிடித்து மெதுவாக இழுங்கள். நடுவில் பிடித்தால் அறுந்து, தலை உள்ளேயே தங்கிப் புண்ணாகும். மீன் 30 நொடிக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. முட்டை ஏற்கெனவே உதிர்ந்திருக்கலாம் என்பதால் மூன்று நாலு வாரம் டப்பிலேயே வைத்து, வாரம் இருமுறை ஒவ்வொரு மீனாகப் பாருங்கள். மீன் பேன் இருந்தால் அதுவும் இந்தக் காலத்தில் தெரிந்துவிடும். தட்டையாக, சின்னதாக, ஒளி ஊடுருவும் பூச்சி. இடுக்கியால் எடுத்துவிடலாம்.

கெண்டையில் ரோகு, மிர்கால் குஞ்சு கலந்திருக்க வாய்ப்புண்டு. முதுகுத் துடுப்பில் கிளை பிரிந்த கதிர்களை எண்ணுங்கள், போட்டோ எடுத்துப் பெரிதாக்கினால் தெரியும். சின்ன சாதிக் கெண்டைக்கு 8, வளர்ப்புக் கெண்டைகளுக்கு 12 அல்லது அதற்கு மேல். அவை முழத்துக்கு வளரும் மீன். கடை மீன் எதோடும் கலக்காமல், மருந்து படாமல், நோயில்லாமல் இருக்கும் வரை குறவையையும் அவற்றையும் பிடித்த அதே வாய்க்காலில் தண்ணீர் ஓடும்போது விட்டுவிடலாம். ஒருதரம் கடை மீனோடு கலந்துவிட்டால் அந்த வழி அடைந்துவிட்டது.

பதில் – தொட்டிப்பைத்தியம்

தீனிக்கு: குருணை அதுகளுக்குத் தீனி என்றே தெரியாது. முதல் வாரம் கொசுப்புழு, பொடியாக நறுக்கிய மண்புழு. இரண்டாம் வாரம் அதோடு குருணையைப் பொடித்து ஈரமாக்கிக் கலந்து, புழுவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கணும். கெண்டை ஒரு வாரத்தில் பழகும், முண்டக்கண்ணி மிதக்கும் தீனி அசைந்தால்தான் எடுக்கும், சிலது கடைசிவரை உயிர்த்தீனிதான் கேட்கும். இரண்டு நிமிடத்தில் தீர்கிற அளவு, ஒரு நாளைக்கு ஒருமுறை. அயிரைக்கு விளக்கணைத்த பிறகு அடியில் போய்ச் சேரும் தீனி தனியாகப் போடுங்க.

கொசுப்புழுவுக்கு வாளி வைத்தால் ஐந்தாம் நாள் வலையில் அரித்து முழுக்கக் காலி பண்ணிவிடணும். ஒரு வாரம் தாண்டினால் கொசுவாகப் பறக்கும், டெங்குக் காலத்தில் பக்கத்து வீட்டுக்காரர் கேட்பது நியாயம்தான். சாக்கடைப் புழு வேண்டவே வேண்டாம்.

ஓடைக்கரை

நன்றி. தொட்டி பழகினபின் எத்தனை மீன் வைக்கலாம்? திரும்பப் பிடிக்கப் போகலாமா?

பதில் – வலைக்காரன்

இரண்டங்குலத்துக்குள் நிற்கும் கெண்டை 8, அயிரை 5, முண்டக்கண்ணி 3. இதற்கு மேல் வேண்டாம், கோடையில் தண்ணீர் 33-க்குப் போகும்போது இந்த எண்ணிக்கையே கொஞ்சம் அதிகம்தான். இருப்பதை முதலில் சேர்த்துவிட்டு, அம்மோனியாவும் நைட்ரைட்டும் இரண்டு வாரம் 0-ல் நின்ற பிறகு மட்டும் குறைவதைப் பிடித்து வாருங்கள்.

வயலுக்கு மருந்து அடிக்கிற சமயத்தில் வடிகால் பக்கம் போகாதீர்கள். தண்ணீர் ஓடும் பாசன வாய்க்காலில் அதிகாலை வெயில் ஏறுமுன் பிடியுங்கள். குத்தகை ஏரி என்றால் குத்தகைதாரரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. சரணாலயத்துக்குள் 1972 வன உயிரினச் சட்டப்படி குற்றம். வலையைத் தூக்கிக் கொட்டாமல் தண்ணீருக்குள்ளேயே வைத்து மக்கில் அள்ளுங்கள். 10 லிட்டர் வாளிக்குப் பத்து மீன், மேலே ஈரத்துணி. அங்கிருந்தே கூடுதலாக ஒரு கேன் வாய்க்கால் தண்ணீர் எடுத்து வந்தால் சொட்டுப் போட்டுப் பழக்குவதற்கு ஆகும்.

தொட்டிக்கு மூடி போட்டாச்சா? முண்டக்கண்ணி ஒரு விரல் இடைவெளியிலும் வெளியே தாவும். ஏர் டியூப் போகும் ஓட்டையையும் பஞ்சால் அடையுங்கள். கண்ணாடி மூடியென்றால் தண்ணீர் மட்டத்துக்கு மேல் இரண்டு அங்குலம் காற்று இடைவெளி விடுங்கள்.