பல வருடம் நின்ற கார்: ஸ்டார்ட் ஆகிறது, கொஞ்ச நேரத்தில் அணைகிறது. எங்கே தேடுவது?

ஷெட்டுக்காரன்

வணக்கம். ஏழெட்டு வருடமாக அசையாமல் நின்ற பெட்ரோல் கார் ஒன்றை ஓடும் நிலைக்குக் கொண்டுவரப் பார்க்கிறேன். நான்கு சிலிண்டர், கார்புரேட்டர், பாயின்ட் வைத்த டிஸ்ட்ரிபியூட்டர், இன்ஜினிலேயே பொருத்திய மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். டைமிங்குக்குச் செயின்தான், பெல்ட் இல்லை.

இதுவரை செய்தவை: பிளக் நான்கையும் கழற்றி, சிலிண்டருக்குக் கொஞ்சம் ஆயில் விட்டு ஓர் இரவு ஊறவிட்டேன். கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றியதில் தடங்கல் இல்லை. ஆயில், ஆயில் ஃபில்டர் மாற்றியாச்சு. பிளக் மாட்டாமலே செல்ஃப் அடித்து, ஆயில் விளக்கு அணைந்த பிறகுதான் பிளக்கை மாட்டினேன். பேட்டரி புதிது. டேங்கில் இருந்த பழைய பெட்ரோல் வார்னிஷ் வாடை அடித்தது, இறக்கிவிட்டுப் புதிது ஊற்றினேன். கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவி, கேஸ்கெட் எல்லாம் புதிதாகப் போட்டாச்சு.

இப்போது சோக் இழுத்தால் உடனே ஸ்டார்ட் ஆகிறது. ஐடிலிங்கும் நன்றாகவே இருக்கிறது. பத்து நிமிடம் போல ஓடியதும் இருமி, தள்ளாடி அணைந்துவிடுகிறது. உடனே செல்ஃப் அடித்தால் வராது. சற்று நேரம் விட்டால் ஒன்றுமே நடக்காதது போல மறுபடி ஸ்டார்ட். ஒருவர் காயில் (பிளக்குப் பொறிக்கு உயர் மின்னழுத்தம் தரும் சுருள்) என்கிறார், ஒருவர் பம்ப் என்கிறார், இன்னொருவர் கார்புரேட்டரையே மாற்றச் சொல்கிறார். எதையும் வாங்கும் முன் எது கோளாறு என்று கண்டுபிடிக்க வேண்டும்.

இன்னொன்று. பிரேக் மிதி பாதி வரை போய்த்தான் பிடிக்கிறது, வண்டியைத் தள்ளினாலும் கனமாக இருக்கிறது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாமா?

நெம்புகோல்

சூடானால் அணைவது, ஆறினால் வருவது என்றால் காயில்தான். கண்ணை மூடிக்கொண்டு மாற்றுங்கள்.

பழைய பாயின்ட்

கண்ணைத் திறந்துகொண்டே பார்க்கலாமே. காயில் இப்படிச் செய்யும், பாயின்ட்டோடு சேர்ந்த கண்டன்சரும் செய்யும், மறுக்கவில்லை. ஆனால் அவர் "இருமி, தள்ளாடி" என்று எழுதியிருக்கிறார். கரன்ட் போனால் பெரும்பாலும் சாவியைத் திருப்பி அணைத்த மாதிரி சட்டென்று நிற்கும். இருமல் பெட்ரோல் வற்றுவதற்கான அடையாளம். எப்போதும் இப்படித்தான் என்று சொல்ல முடியாது, எங்கே தொடங்கலாம் என்று காட்டும், அவ்வளவுதான்.

ஷெட்டுக்காரன், சோதனை எல்லாம் இன்ஜின் அணைந்த அந்த நிமிடமே நடக்க வேண்டும். ஆறிய பிறகு பார்த்தால் எல்லாமே நல்லதாகத்தான் தெரியும். ஏர் கிளீனரை முன்பே கழற்றி வைத்திருங்கள். அணைந்ததும் கார்புரேட்டர் வாயில் பார்த்தபடி ஆக்சிலேட்டர் கம்பியைக் கையால் இழுங்கள். ஆக்சிலேட்டர் பம்ப் வழியாக மெல்லிய பெட்ரோல் பீச்சல் வர வேண்டும். வந்தால் கார்புரேட்டருக்குள் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் கிண்ணத்தில் பெட்ரோல் இருக்கிறது. வராவிட்டால் கிண்ணம் காலி.

அடுத்து, உதிரி பிளக் ஒன்றை ஒயரில் மாட்டி, அதன் உலோக உடம்பு இன்ஜினைத் தொடும்படி வையுங்கள். கார்புரேட்டரை விட்டுத் தள்ளி வைக்க வேண்டும், கையில் பிடிக்கக் கூடாது. வேறொருவர் செல்ஃப் அடிக்கட்டும். நீலமாகத் தடித்த பொறி வந்தால் காயில், கண்டன்சர் இரண்டையும் விட்டுவிடலாம். மஞ்சளாக மெலிந்து வந்தால் நெம்புகோல் சொன்னது சரி.

கூடவே டேங்க் மூடியையும் திறந்து பாருங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே போனால் டேங்கின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. அப்படியானால் வேலை அங்கேயே முடிந்துவிடும்.

எல்லாவற்றையும் ஷெட்டுக்கு வெளியே செய்யுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு படர்ந்து பள்ளத்தில் தேங்கும். புகைக்குழாயில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை.

ஷெட்டுக்காரன்

பொறி நன்றாக நீலமாக வருகிறது. கார்புரேட்டரில் பீச்சல் இல்லை, ஒரு சொட்டுகூட வரவில்லை. மூடி திறந்தபோது சத்தம் எதுவும் இல்லை. அப்படியானால் பம்ப்பா?

மூன்றாம் கியர்

பம்ப்பைக் குறை சொல்லும் முன் டேங்கிலிருந்து பம்ப் வரை உள்ள ரப்பர் ஹோஸ்களை வளைத்துப் பாருங்கள். அந்தப் பக்கம் உறிஞ்சும் பக்கம். வெடிப்பு இருந்தால் வெளியே ஒழுகாமல் காற்றை உள்ளே இழுக்கும். தரையில் ஈரம் இல்லை என்பதை வைத்து ஹோஸ் நல்லது என்று முடிவுகட்ட முடியாது.

பழைய பாயின்ட்

மூன்றாம் கியர் சொன்னதைச் செய்துவிட்டு அடுத்தது. பம்ப்புக்கு வரும் ஹோஸைக் கழற்றி நுனியை அடைத்து வையுங்கள். அந்த இடத்தில் புது ஹோஸ் ஒன்றை மாட்டி, மறுமுனையைச் சின்னப் பெட்ரோல் கேனுக்குள் விடுங்கள். கேன் பம்ப்பைவிடத் தாழ்வாக, புகைக்குழாயிலிருந்து விலகி, சாயாமல் இருக்கட்டும். கேன் வாயில் துணி சுற்றிக்கொள்ளலாம், ஆனால் இறுக அடைக்காதீர்கள், காற்று போக வழி வேண்டும். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில். இப்போது ஓட விடுங்கள்.

அணையாமல் ஓடினால் பம்ப், கார்புரேட்டர் இரண்டுமே நல்லவை, கோளாறு டேங்க் பக்கம். வழக்கம்போல அணைந்தால் பம்ப்பும் அதற்கு மேலே உள்ளதும்தான் பாக்கி.

பம்ப் பக்கத்தில் இருக்கும்போதே டிப்ஸ்டிக்கை (இன்ஜின் ஆயில் அளவு பார்க்கும் கம்பி) உருவி முகர்ந்து பாருங்கள். பழைய பம்ப்பின் டயாஃப்ரம் (உள்ளே அசையும் சவ்வு) கிழிந்தால் பெட்ரோல் நேராக இன்ஜின் ஆயிலில் இறங்கும். ஆயில் தண்ணீராகி பேரிங் தேயும். வாடை அடித்தால் அதோடு வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

ஷெட்டுக்காரன்

டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் வாடை இல்லை. ஹோஸ் மாற்றியும் அதே கதை. ஆனால் கேனில் ஓட விட்டபோது நானாக அணைக்கும்வரை ஓடியது! ரேடியேட்டர் ஃபேன்கூடப் போட்டது. அப்புறம் டேங்கை வடித்துவிட்டு, பெட்ரோல் அளவு காட்டும் மிதவையைக் கழற்றி உள்ளே பார்த்தேன். அடியில் ஆரஞ்சு நிறத்தில் சேறு. பெட்ரோல் எடுக்கும் குழாயின் நுனியில் சன்னமான வலைக்கூடை ஒன்று இருக்கிறது. அதன் ஒரு பக்கம் முழுக்கத் துருச் செதில் ஒட்டியிருக்கிறது, மீன் செதில் மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக. விரலால் தொட்டதும் உதிர்ந்துவிட்டது.

பழைய பாயின்ட்

ஆள் அகப்பட்டுவிட்டது. பம்ப் உறிஞ்சும்போது செதில்கள் வலையில் போய் ஒட்டிக்கொள்கின்றன. மூச்சு முட்டி இன்ஜின் அணைகிறது. உறிஞ்சல் நின்றதும் அவை தாமாக உதிர்ந்து அடியில் படிகின்றன, மறுபடி வழி திறக்கிறது. சூட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இன்ஜின் ஆறுவதும் செதில் உதிர்வதும் ஒரே நேரத்தில் நடப்பதால் எல்லோரும் காயிலைப் பிடித்துத் தொங்குகிறோம்.

டேங்கை இறக்கிச் சுத்தம் செய்தே ஆக வேண்டும். பெட்ரோலை ஒட்டக் காலி செய்து வெயிலில் காற்றாட வையுங்கள். ஒரு பிடி நட்டும் போல்ட்டும் உள்ளே போட்டு நன்றாக உருட்டுங்கள். கழுவிவிட்டு வினிகரோ சிட்ரிக் அமிலக் கரைசலோ ஊற்றி ஊற விடுங்கள். பிறகு சோடா உப்புக் கரைத்த தண்ணீரால் அலசி, உடனே காய வைக்க வேண்டும். ஈரமாக விட்டால் கண்ணெதிரே மறுபடி துரு ஏறும். போட்ட நட்டையெல்லாம் எண்ணி வெளியே எடுங்கள், சிரிக்காதீர்கள்.

ஓட்டை தெரிந்தால் வேறு டேங்க் பாருங்கள். காலி டேங்க்தானே என்று வெல்டிங் வைக்கிறவர்கள் உண்டு. காலி டேங்க்தான் ஆவி நிறைந்த டேங்க்.

நெம்புகோல்

சரி, காயில் இல்லை. உள்ளே பூசும் கோட்டிங் கிடைக்கிறதே, அதைப் போட்டுவிட்டால் துரு நிரந்தரமாகப் போய்விடாதா?

பழைய பாயின்ட்

துருவும் எண்ணெய்ப் பசையும் துளியும் இல்லாத டேங்கில் பூசினால் நிற்கும். அவசரப்பட்டுப் பூசினால் தோல் தோலாக உரிந்து அதே வலையில் வந்து அடைக்கும். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. டேங்க்குக்கும் பம்ப்புக்கும் இடையில் உள்ளே தெரியும்படியான பிளாஸ்டிக் ஃபில்டர் ஒன்று போடுங்கள், அது போதும். துரு வந்தால் கண்ணுக்குத் தெரியும்.

டிரம்மும் டிஸ்க்கும்

பிரேக் கேள்வியை யாருமே தொடவில்லையே. "பிறகு பார்த்துக்கொள்ளலாமா" என்றால், கூடாது. டேங்க் கழற்றியிருக்கும் நேரத்திலேயே அதை முடித்துவிடுங்கள்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் சரக்கு. டாட் 3 (DOT 3) என்ற தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறியபின் அதற்கான வரம்பு 140தான். டாட் 4-க்கு அதே கணக்கு 230, 155. இத்தனை வருடம் கிடந்த ஆயில் அதற்கும் கீழே போயிருக்கலாம். அது மட்டுமில்லை, அந்த ஈரம் சிலிண்டர்களை உள்ளேயிருந்து அரித்திருக்கும்.

முதலில் கனம் எங்கே என்று பாருங்கள். ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, ஒவ்வொரு சக்கரமாகக் கையால் சுற்றுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது. முன்சக்கரம் பிடித்திருந்தால் அதன் ஏர் எடுக்கும் நிப்பிளை (பிரேக் ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றும் சின்னத் திருகு) திறந்து பாருங்கள். ஆயில் பீச்சி சக்கரம் விட்டுக்கொண்டால் உள்ளே அழுத்தம் சிக்கியிருக்கிறது. நிப்பிளைத் திறந்தும் விடாவிட்டால் டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பரின் பிஸ்டனோ அதன் சறுக்குக் கம்பியோ துருப்பிடித்திருக்கிறது.

பின் டிரம்மைத் திறக்கும்போது தூசியை ஊதாதீர்கள். பிரேக் ஷூவில் ஒட்டியிருக்கும் பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், நனைத்துத் துடையுங்கள்.

மூன்றாம் கியர்

பின் டிரம் பிடித்திருந்தால் வண்டியை முன்னும் பின்னும் ஓட்டினால் தானாக விட்டுவிடும். நிறைய வண்டியில் பார்த்திருக்கிறேன்.

டிரம்மும் டிஸ்க்கும்

விடும். சில சமயம் லைனிங் ஷூவிலிருந்து பெயர்ந்து டிரம்மோடு போய்விடும், அதுவும் பார்த்திருக்கிறேன். எப்படியும் திறந்துதானே ஆக வேண்டும், எதற்கு அந்தச் சூதாட்டம்?

ஷெட்டுக்காரன்

முன் இடது சக்கரம்தான். நிப்பிளைத் திறந்ததும் பழுப்பாக ஆயில் பீச்சியது, சக்கரம் உடனே விட்டுக்கொண்டது. பின்னால் ஷூவைத் தள்ளும் இரண்டு வீல் சிலிண்டரிலும் ரப்பர் உறையைத் தூக்கினால் உள்ளே ஈரம்.

டிரம்மும் டிஸ்க்கும்

வீல் சிலிண்டர் இரண்டையும் மாற்றிவிடுங்கள், ஈரம் தெரிந்த பிறகு யோசிக்க ஒன்றுமில்லை. முன்சக்கரத்துக்கு இன்னொரு சோதனை. மறுபடி மிதித்துப் பிடிக்க வைத்து, இந்த முறை நிப்பிளைத் தொடாமல், ரப்பர் ஹோஸும் இரும்புக் குழாயும் சேரும் மேல் இணைப்பைத் தளர்த்துங்கள். விடாவிட்டால் ஹோஸ் உள்ளே வீங்கி அடைத்திருக்கிறது: மிதிக்கும் விசை ஆயிலைத் தள்ளிவிடும், திரும்பி வரத்தான் வழியில்லை. அங்கே விட்டுக்கொண்டால் மேலே, மிதித்ததும் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் பக்கம் பாருங்கள்.

ஹோஸ் வெளியே பளபளவென்று இருந்தாலும் ஏமாறாதீர்கள். மாற்றினால் எல்லா ஹோஸையும் ஒன்றாக மாற்றுங்கள். இரும்புக் குழாய்களைக் கவ்வியிருக்கும் கிளிப்புக்கு அடியிலும் துரு பாருங்கள், ஓட்டை விழுவது அங்கேதான்.

ஏர் எடுக்கும்போது மிதியைத் தரைவரை அமுக்காதீர்கள். அடியில் மரக்கட்டை ஒன்று வையுங்கள். மாஸ்டர் சிலிண்டரில் பிஸ்டன் இத்தனை வருடம் போகாத பகுதி துரு பிடித்துச் சொரசொரப்பாக இருக்கும், அங்கே போனால் ரப்பர் சீல் கிழியும். அதன் பிறகும் மிதி மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் மாஸ்டரும் போயிற்று.

ஷெட்டுக்காரன்

மேல் இணைப்பைத் தளர்த்தியும் விடவில்லை, ஹோஸ்தான். எல்லா ஹோஸும் வீல் சிலிண்டரும் மாற்றி, புது ஆயில் ஊற்றி ஏர் எடுத்தாச்சு. மிதி இப்போது மேலேயே கெட்டியாக நிற்கிறது, இறங்கவில்லை. டேங்கும் மாட்டிவிட்டேன், அணையாமல் ஓடுகிறது. டயர் நான்கிலும் பட்டன் (தரையைத் தொடும் ரப்பர் புடைப்புகள்) நன்றாக இருக்கிறது, அதை விட்டுவிடலாம் அல்லவா? கிளட்ச் மிதித்தாலும் கியர் கரகரவென்று கத்துகிறது, விழ மறுக்கிறது. அது என்ன?

பழைய பாயின்ட்

டயரின் பக்கச் சுவரில் DOT என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 2312 என்றால் 2012-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் ஆழத்துக்குப் பல நாடுகளில் 1.6 மி.மீ. என்று வரம்பு உண்டு, ஆனால் நின்ற வண்டியில் ரப்பர்தான் முதலில் சாகும். பக்கச் சுவரில் சன்னமாக வெடிப்பு ஓடியிருந்தால் பட்டனைப் பார்க்கவே வேண்டாம். பத்து வருடம் தாண்டியதை எந்த நிலையிலும் ஓட்டாதீர்கள். ஸ்டெப்னியும் சேர்த்துத்தான்.

கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோடு துருவால் ஒட்டியிருக்கும். முதலில் கேபிளைச் சரியாக டியூன் செய்து பாருங்கள். அப்புறமும் அதேதான் என்றால், மிதியை முழுக்க அமுக்கி ஒரு கட்டையால் முட்டுக்கொடுத்து ஓரிரு நாள் அப்படியே விட்டுப் பாருங்கள். பல நேரம் விட்டுக்கொள்ளும். விடாவிட்டால் கியர்பாக்ஸை இறக்க வேண்டியதுதான்.

ஷெட்டுக்காரன்

டயர் எல்லாமே பத்து வருடம் தாண்டியவை, ஐந்தையும் மாற்றிவிட்டேன். முட்டுக்கொடுத்ததில் கிளட்ச் விட்டது, கியர் சத்தமில்லாமல் விழுகிறது. வளாகத்துக்குள்ளேயே மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். நேராக நிற்கிறது, எந்தப் பக்கமும் இழுக்கவில்லை. ஹேண்ட்பிரேக் மட்டும் போட்டால் திரும்பச் சரியாக விடுவதில்லை.

டிரம்மும் டிஸ்க்கும்

கேபிள் உறைக்குள் துரு. எண்ணெய் விட்டால் ஒரு வாரம் வேலை செய்யும், மறுபடி பிடிக்கும். புதுக் கேபிள் போடுங்கள். முதல் ஓட்டம் முடிந்ததும் சக்கர நட்டுகளை மறுபடி ஒருமுறை முறுக்கிப் பாருங்கள், நான்கு சக்கரத்திலும் சூட்டை ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் அதிகம் கொதித்தால் அங்கே இன்னும் பிடிக்கிறது.

பழைய பாயின்ட்

ஃபில்டரையும் பாருங்கள். ஆரஞ்சுத் தூள் தெரிந்தால் ஃபில்டரை மாற்றிவிட்டு ஓட்டுங்கள். மாற்ற மாற்ற வந்துகொண்டே இருந்தால் டேங்கை மறுபடி இறக்குங்கள்.