பாஸ்பேட் போட்ட தகட்டில் மஞ்சள் துரு: காரணம் கண்டுபிடிக்க உதவுங்கள்

கோவை கணபதியில் சின்ன பவுடர் கோட்டிங் (பெயின்ட் பொடியை அடித்துச் சூட்டில் உருக்கிப் பூசும்) பட்டறை நடத்துகிறேன். பேனல் பெட்டிக்கான 1.2 மி.மீ. சி.ஆர்.சி.ஏ. (குளிர்நிலையில் உருட்டிப் பதப்படுத்திய இரும்பு) தகடுகள்தான் அதிகம். ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து ஜிங்க் பாஸ்பேட் (பெயின்ட் நன்றாகப் பிடிக்க முதலில் போடும் பூச்சு) முடித்து, கழுவி, சூட்டு அடுப்புக்குப் (ஓவன்) போவதற்குள் தகடு மஞ்சள் பூத்துவிடுகிறது. மடிப்பு ஓரத்தில் மட்டும் என்றால் தண்ணீர் தேங்குகிறது எனலாம். தட்டையான நடுப்பகுதியிலும் கோடுகோடாக வருகிறது. விரலால் தேய்த்தால் சாம்பல் நிறப் பூச்சிலிருந்து வெண்பொடி ஒட்டுகிறது.

தகட்டை டேங்கில் முக்கும் டிப் முறைதான். டேங்க் சூடு 55 டிகிரி, கரைசலின் டோட்டல் ஆசிட் (மொத்த அமிலம்) 24 பாயின்ட், ஃப்ரீ ஆசிட் (தனி அமிலம்) 1.2, டோனர் (பூச்சு பிடிப்பதை வேகப்படுத்தும் கெமிக்கல்) 2.5. துரு எடுக்க ஹைட்ரோகுளோரிக் ஆசிட். கழுவ போர் தண்ணீர், டி.டி.எஸ். (கரைந்துள்ள உப்பின் அளவு) 1400.

அடியில் படிந்த சகதியை வடிகட்டியாயிற்று. பாஸ்பேட்டுக்கு முன் முக்கும் ஆக்டிவேஷன் கரைசலைப் புதிதாகப் போட்டேன். டோனரைக் கூட்டினேன், சகதிதான் அதிகமானது. கெமிக்கல் தருபவர் மழைக்கால ஈரம் என்கிறார். ஆனால் போன வருட மழையிலும் இதே டேங்க்தான், இப்படி வரவில்லை.

இந்த மஞ்சள் மேலேயே பவுடர் அடித்தால் பின்னால் பெயின்ட் கொப்பளித்து உரியும். அப்படி அனுப்ப எனக்கு மனமில்லை, வேலையை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

இந்தத் துரு தகட்டில் தங்கிய ஆசிட்டாலா, கடைசியாகக் கழுவும் தண்ணீரின் உப்பாலா என்று பட்டறையிலேயே பிரித்துக் கண்டுபிடிக்க என்ன சோதனை செய்யலாம்?