அலுவலகங்களுக்கு மட்டும் விற்கும் நாஸ் பெட்டி, ஜிபிஎல் 3 படி நுகர்வோர் பொருளா?

கேட்டவர்:
நண்பர்களே, கொஞ்சம் அவசரமான சந்தேகம். நாங்கள் ஒரு சிறு குழு, நாஸ் பெட்டி (நெட்வொர்க் வழியாகப் பலரும் கோப்புகளைச் சேமித்துப் பகிரும் கருவி) தயாரிக்கிறோம். உள்ளே லினக்ஸ், அதன் மேல் சாம்பா என்ற கோப்புப் பகிர்வு மென்பொருள். எங்கள் கீயால் (ரகசியச் சாவி) சைன் செய்யாத ஃபர்ம்வேரை, அதாவது பெட்டியின் உள் மென்பொருளை, பூட்லோடர் (பெட்டியைத் தொடங்கி வைக்கும் நிரல்) ஏற்காது. லினக்ஸின் மையப் பகுதியான கர்னல், ஜிபிஎல் என்ற சுதந்திர மென்பொருள் உரிமத்தின் 2-வது பதிப்புதானே என்று நிம்மதியாக இருந்தோம், ஆனால் சாம்பா 3.2-இலிருந்தே ஜிபிஎல் 3-க்கு மாறிவிட்டது என்பதை நேற்றுதான் கவனித்தேன். நுகர்வோர் பொருள் என்றால் மாற்றிய மென்பொருளை நிறுவும் வழியையும் கொடுக்க வேண்டும் என்கிறது ஜிபிஎல் 3-இன் 6-வது பிரிவு. நாங்கள் நிறுவனங்களுக்கு மட்டும்தான் விற்கிறோம், வீட்டு உபயோகத்துக்கு அல்ல என்று ஒப்பந்தத்திலும் இருக்கிறது. இது போதாதா?

பதில் 1:
போதாது. யார் வாங்குகிறார், அவர் எப்படிப் பயன்படுத்துகிறார் என்பதெல்லாம் அங்கே கணக்கில் வராது, அந்த வகைப் பொருள் பொதுவாக எதற்குப் பயன்படுகிறது என்பதுதான் கேள்வி. சொந்த, குடும்ப, வீட்டு உபயோகத்துக்கு வழக்கமாகப் பயன்படும், தொட்டு உணரக்கூடிய அசையும் பொருள் எதுவும் நுகர்வோர் பொருள்தான். வணிகப் பயன்பாடு எவ்வளவு அதிகமாக இருந்தாலும், அது மட்டுமே குறிப்பிடத்தக்க பயன்பாடாக இருந்தால்தான் தப்பிக்கலாம். நாஸ் பெட்டியை எத்தனையோ வீடுகளில் வைத்திருக்கிறார்கள். அப்படியும் சந்தேகம் இருந்தால் நுகர்வோர் பொருள் என்ற பக்கமே தீர்ப்பு சாய வேண்டும் என்று உரிமத்திலேயே எழுதியிருக்கிறது. இந்த வரையறையை உரிமத்தை எழுதியவர்கள் புதிதாக உருவாக்கவில்லை, அமெரிக்காவின் 1975 உத்தரவாதச் சட்டத்திலிருந்து எடுத்தது.

கேட்டவர்:
அப்படியானால் எங்கள் சைனிங் கீயையே வெளியிட வேண்டுமா? அது வெளியே போனால் எல்லாப் பெட்டிகளின் பாதுகாப்பும் போய்விடுமே.

பதில் 2:
வேண்டாம், பலரும் பயப்படுவது இங்கேதான். வாங்கியவர் தன் பெட்டியில் தன் கீயைப் பதியவோ சைன் சோதனையை அணைக்கவோ வழி இருந்து, அதை எழுதியும் கொடுத்தால் போதும். மாற்றிய பெட்டிக்கு வாரண்டியும் அப்டேட்டும் தொடர வேண்டிய கட்டாயமும் இல்லை. மென்பொருளை ரோமில் (திருத்தி எழுத முடியாத நினைவகம்) எழுதி நீங்கள் உட்பட யாராலும் மாற்ற முடியாதபடி விற்றால் இந்த விதியே பொருந்தாது, ஆனால் அப்புறம் பாதுகாப்புத் திருத்தமும் போட முடியாது, நாஸுக்கு அது சரிப்படாது. இன்னொன்று, கர்னல் பற்றியும் அவ்வளவு நிம்மதி வேண்டாம், நிறுவலைக் கட்டுப்படுத்தும் ஸ்கிரிப்டுகளை ஜிபிஎல் 2-உம் கேட்கிறது.

கேட்டவர்:
சரி, பெட்டிக்குள் ஒரு ஜம்பர் (மின்பலகையில் இருக்கும் சிறு இணைப்பு) வைத்து சொந்தக் கீ பதியும் வழி செய்துவிட்டேன். மாற்றிய சாம்பாவோடு பூட் ஆகிறது. ஆனால் 2 நிமிடத்தில் சாம்பா நின்றுவிடுகிறது. எங்கள் கண்காணிப்பு சர்வீஸ் சாம்பா நிரல் கோப்பின் ஹாஷைப் (கோப்பு மாறினால் மாறிவிடும் அடையாள எண்) பார்த்து, பொருந்தாவிட்டால் நிறுத்துகிறது.

பதில் 1:
அதையும் எடுக்க வேண்டும். மாற்றப்பட்டது என்ற ஒரே காரணத்துக்காக அதன் இயக்கத்தைத் தடுக்கக் கூடாது. நிறுவ மட்டும் விட்டு ஓட விடாமல் செய்தால் அந்தச் சுதந்திரத்துக்கு அர்த்தமே இல்லை. ஹாஷ் மாறினால் ஒரு எச்சரிக்கை மட்டும் காட்டுங்கள்.

கேட்டவர்:
அப்படியே மாற்றினேன், ராத்திரி முழுக்க நிற்காமல் ஓடியது. ஜம்பர் இருக்கும் இடத்தைப் படத்தோடு கையேட்டில் சேர்க்கிறோம். இருவருக்கும் மிக்க நன்றி.