மறு: ‘கோல்ட் எயார் இன்டேக்’ – தமிழில் என்ன வைக்கலாம்?

எல்லோருக்கும் வணக்கம். வெளிக்காற்றை வாகன எஞ்சினுக்குக் கொண்டுபோகும் குழாயைத்தான் ‘கோல்ட் எயார் இன்டேக்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் கேட்ட இழையில் அண்ணா ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> ‘குளிர்காற்று உள்ளிழுப்பி’ என்று வைத்துவிடலாமே. பொருள் நேராக வந்துவிடுகிறதே.

அண்ணா, இந்தச் சொல்லில் எனக்கு உடன்பாடில்லை. அந்தக் குழாய் எதையும் குளிர்விப்பதில்லை. பொனற்றுக்கு (எஞ்சின் மூடிக்கு) வெளியே இருக்கிற காற்றை எஞ்சின் சூடு படாமல் கொண்டுவந்து சேர்க்கிறது, அதன் வேலை அவ்வளவுதான். கொழும்பில் நடுப்பகலில் வெளிக்காற்றே 31, 32 பாகை. அதைக் குளிர்காற்று என்று சொன்னால் பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகம் விற்கிற ஒருவரும் ஏற்கமாட்டார். ஆனால் காலி வீதி நெரிசலில் நிற்கும் ஒரு கெப்பின் (பின்னால் திறந்த தட்டுள்ள பிக்கப் வண்டியின்) பொனற்றுக்குள் 60 பாகை என்று வைத்துக்கொண்டால், 32 பாகை வெளிக்காற்று அதைவிட ஏறத்தாழ 9 வீதம் அடர்த்தி கூடியது. எஞ்சின் ஒவ்வொரு முறையும் இழுப்பது அதே கொள்ளளவுதான். அதற்குள் ஒட்சிசன் அவ்வளவுக்குக் கூடுகிறது. ஆகவே சொல்லில் வரவேண்டியது காற்று எங்கிருந்து வருகிறது என்பதுதான்.

இன்னொன்று. எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் டர்போ உள்ள வண்டியில், அமுக்கும்போது காற்று சூடாகிவிடும். அந்தச் சூட்டை உண்மையாகவே இறக்குவது இன்டர்கூலர். ‘குளிர்’ என்பதை அதற்கு விட்டுவைப்போம்.

அடுத்தது ‘இன்டேக்’. கராஜில் இந்த ஒரு சொல்லை வைத்தே காற்று நுழையும் துளையையும் சொல்கிறார்கள், அங்கிருந்து எஞ்சின்வரை போகும் குழாயையும் சொல்கிறார்கள், எஞ்சின் காற்றை இழுப்பதையும் சொல்கிறார்கள். நாமும் மூன்றையும் ஒன்றாகக் கட்டத் தேவையில்லை. துளைக்கு ‘வளிவாய்’, குழாய்க்கு ‘வளித்தடம்’, செயலுக்கு ஏற்கெனவே இருக்கிற ‘உள்ளெடுப்பு’. கிணற்றுவாய், மடைவாய், போத்தல் வாய் என்று எந்நேரமும் பேசுகிறவர்களுக்கு வளிவாய் புரியாமல் போகாது. ‘வளி’ என்றால் தமிழ்நாட்டில் வாயு என்று எடுத்துக்கொள்வார்கள் என ஒரு நண்பர் எழுதியிருந்தார். இங்கே மழை வருமா என்று சொல்வதே வளிமண்டலவியல் திணைக்களம், அறையில் ஓடுவது வளிச்சீராக்கி. வளிமண்டலம் அங்கும் பாடப்புத்தகத்தில் இருக்கிற சொல்தானே.

அப்படியென்றால் என் பரிந்துரை: வெளிக்காற்றை எடுப்பது ‘புறவளிவாய்’, பொனற்றுக்குள் இருக்கிற காற்றையே எடுப்பது ‘அகவளிவாய்’.

இந்தச் சோடியை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. 2020இல் வாகன இறக்குமதி நின்று 2025இல்தான் மறுபடி திறந்தது. இடையில் பழைய டபுள் கெப்பையே செலவழித்துத் திருத்தி ஓடியவர்கள் பலர். அப்படித் திருத்துகிறவர்களின் கண் முதலில் போகிற இடங்களில் இதுவும் ஒன்று. பொனற்றைத் திறந்து பாருங்கள். ஒரு மூலையில் கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டி, மூடியில் கிளிப்கள், உள்ளே மடிப்பு மடிப்பாகக் கடதாசி வடிகட்டி. பெட்டியிலிருந்து ஒரு குழாய் மட்கார்ட் பக்கமாகத் திரும்பி மறையும். அதாவது பல கெப்களில் கொம்பனி பூட்டி அனுப்புவதே புறவளிவாய். அதைக் கழற்றிவிட்டுக் கூம்பு வடிகட்டியை மறைப்பு ஏதுமில்லாமல் எஞ்சின் பக்கத்தில் பூட்டினால் சத்தம் கம்பீரமாக வரும், ஆனால் உள்ளே போவது சூடான காற்று. காசு கொடுத்துப் புறவளியை அகவளியாக்கிய கதை. ‘பாஸ், இது புறவளியா அகவளியா?’ என்று கேட்க ஒரு சொல் இருந்தால், வாங்குகிறவர் சரியான இடத்தில் கேள்வி கேட்பார். ‘குளிர்காற்று’ என்று பெட்டியில் அச்சடித்திருந்தால் அந்தக் கேள்வியே எழாது.

சொல்லுக்குத் தரும் விளக்கத்தில் இதையும் சேர்க்கவேண்டும்: டீசல் எஞ்சினில் வலுவைத் தீர்மானிப்பது பாய்ச்சப்படும் எரிபொருளின் அளவு. பெட்ரோல் எஞ்சினைப் போல ஒரு கிலோ எரிபொருளுக்கு 14.7 கிலோ காற்று என்ற கணக்கில் அது ஓடுவதில்லை. பெரும்பாலும் தேவைக்கு மேலேயே காற்று இருக்கும். அதனால் வளிவாயை மட்டும் பெரிதாக்கினால் இழுவை தானாகக் கூடிவிடாது. பலன் தெரிவது பழைய வடிகட்டி அடைத்து, பாரத்தோடு ஏறும்போது கரும்புகை கக்குகிற வண்டியில். வருடாந்தப் புகைப் பரிசோதனைக்கு முன்னர் செய்யவேண்டிய முதல் வேலையும் வடிகட்டியைப் பார்ப்பதுதான். எண்ணெய் தடவிய துணி வடிகட்டி போடுபவர்கள் எண்ணெயை அளவாகத் தடவட்டும். கூடினால் காற்றளவு உணரியின் கம்பியில் படிந்து அளவு பிழைக்கும்.

ஸ்னோர்க்கலுக்கு ‘உயர்வாய்’ போதும். கூரை மட்டம்வரை ஏற்றிய வளிவாய், அவ்வளவே. கடும் மழையில் கொழும்பில் வெள்ளம் நிற்கும் வீதிகளில் ஓடுகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும். தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் போய்விட்டால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ரொட்டே வளையும். புறவளிவாய் என்று பம்பருக்குக் கீழே கொண்டுபோய் வைக்கும் வேலையைச் செய்யவேண்டாம் என்பதையும் அந்த விளக்கத்திலேயே எழுதிவிடுவோம்.

வடிகட்டி இருக்கும் பெட்டிக்கு எனக்கு இன்னும் நல்ல சொல் அகப்படவில்லை. ‘வடிப்பெட்டி’ என்றால் சோறு வடிக்கிற நினைவு வருகிறது. யாராவது சொல்லுங்கள்.

அன்புடன்,
கொழும்பிலிருந்து